கதை நகரவே மாட்டேன் என்கிறது. விரட்டாமல் எழுத வைக்க வழி உண்டா?

மருந்துக்கடைக்காரன்:

உறையூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். இரவு 10 மணிக்குக் கடையடைத்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, எல்லோரும் படுத்த பிறகு எழுத உட்காருவேன். சிற்றிதழில் இரண்டு கதைகள் வந்திருக்கின்றன. மூன்றாவது கதைதான் ஒரு வருடத்துக்கு மேலாக அப்படியே கிடக்கிறது. ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒரு சித்தப்பா, கடையை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை.

செல்போனில் கதையைத் திறப்பேன். முதல் பத்தியில் ‘வந்தார்’ என்பதை ‘வந்திருந்தார்’ என்று மாற்றுவேன். மறுநாள் அதைத் திரும்ப ‘வந்தார்’ ஆக்குவேன். என் இலக்கியப் பணி தற்போது இவ்வளவுதான்.

‘தினமும் ஆயிரம் வார்த்தை எழுது, தானாக வரும்’ என்கிற ரகம் வேண்டாம். பகலெல்லாம் நின்றபடி மாத்திரை அட்டை கத்தரித்துவிட்டு வருகிறவனை ராத்திரியும் விரட்டினால் எழுத்தே வெறுத்துப்போகும். கொஞ்சம் இதமாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

ப்ரோ, முதலில் தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். நான் கம்ப்யூட்டர் வேலை. ராத்திரி மூன்று மணிக்குப் பிடிபடாத தப்பு, காலையில் பல் தேய்க்கும்போது தானாகக் கண்ணில் படும். கிரஹாம் வாலஸ் என்கிற ஆங்கிலேயர் 1926-லேயே இதைப் பிரித்து எழுதியிருக்கிறார்: முதலில் தயாரிப்பு, அப்புறம் அடைகாத்தல், பிறகு பளிச்சென்று தோன்றுவது, கடைசியில் சரிபார்ப்பது. நீங்கள் தினமும் முட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு மாதம் அந்தக் கதையைத் திறக்காதீர்கள்.

ஓய்வு வாத்தியார்:

தூக்கம் சரி. ஆனால் ஒரு வருடம் அடைகாத்தும் பொரியவில்லை என்றால் கூமுட்டையாகவும் இருக்கலாம் தம்பி. கதையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள், கையை மூட வேண்டாம்.

ஒரு வெண்பா எழுதுங்கள். சிரிக்காதீர்கள், நான் முப்பது வருடம் தமிழ் நடத்தியவன், பள்ளிக்கூடத்தில் யாப்பை, அதாவது செய்யுள் இலக்கணத்தை, எவ்வளவு கசப்பாக ஊட்டுகிறோம் என்று எனக்கே தெரியும். பரீட்சைக்காக அசை பிரித்து அலகிடுவது வேறு. இது விளையாட்டு. நேரிசை வெண்பா என்றால் 4 அடி, 15 சீர் (சொல் மாதிரி ஒரு துண்டு), அவ்வளவுதான். முதல் மூன்று அடியில் நான்கு நான்கு சீர், கடைசி அடியில் மூன்று. இரண்டாவது அடியின் கடைசிச் சீர் தனிச்சொல். சீரை அசைகளாகப் பிரிக்கலாம்: புள்ளியெழுத்தைக் கணக்கில் விட்டால், ‘காற்’ போல ஓரெழுத்து நேரசை, ‘அடங்’ போலக் குறிலில் தொடங்கும் இரண்டெழுத்து நிரையசை. இரண்டு அசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூன்று அசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. மாச்சீருக்கு அடுத்தது நிரையசையில் தொடங்க வேண்டும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் அடுத்தது நேரசையில். அடிகளுக்கு எதுகை பார்த்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி உதவும் என்று கேட்பீர்கள். கதையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் ஒவ்வொரு வரி வந்து நிற்கும்போதும் ‘இது நன்றாக இருக்கிறதா’ என்று உள்ளே ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருப்பார். வெண்பாவில் அவருக்கு அந்தக் கேள்விக்கு நேரமே கிடைக்காது. ‘காற்றும்’ என்று போட்டாகிவிட்டது, அடுத்து நிரையில் தொடங்கும் சொல் வேண்டும், ‘அடங்க’ வருமா, ‘எழும்ப’ வருமா என்று அவரும் நம்மோடு சேர்ந்து தேட ஆரம்பித்துவிடுவார். என் வகுப்பில் கட்டுரை நோட்டில் இரண்டு வரி தாண்டாத பையன்கள் இதற்கு மட்டும் மணியடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எங்கே போய் முடிப்பது என்பதைக்கூட நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். ஈற்றடியை, அதாவது கடைசி அடியை, அடுத்தவர் கொடுப்பது நம் ஊர்ப் பழைய வழக்கம். காளமேகப் புலவரிடம் செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. மனிதர் அசராமல் முருகனைப் பாடினாராம். உங்களுக்கு அவ்வளவு கொடுமை செய்ய மாட்டேன். இந்தாருங்கள் ஈற்றடி:

தெருவிளக்கின் கீழே நிழல்

கோலமாவு:

வாத்தியார் ஐயா மன்னிக்கணும், வெண்பா எனக்கு ஏழாம் பொருத்தம். என் வழி கோலம். மார்கழி பாதி தாண்டினால் புதிதாக ஒன்றும் வராது. எதிர்வீட்டில் வேறு 21 புள்ளி வைத்துத் தெருவையே அடைத்திருப்பார்கள். அந்த மாதிரி நாளில் நான் ஊடுபுள்ளி 5-ல் தொடங்கி 3-ல் நிறுத்திவிடுவேன். நடுவரிசையில் 5, மேலேயும் கீழேயும் 4, அப்புறம் 3. சின்ன சிக்குக் கோலம். கோடு புள்ளியைத் தொடாமல் வளைந்து வளைந்து கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டால் முடிந்தது. அதைப் பார்த்து யாரும் அசந்துபோகப் போவதில்லை, ஆனால் வாசல் வெறிச்சென்று கிடக்காது. கையும் பழக்கம் விடாது.

தம்பி, உங்கள் சித்தப்பாவை பஸ்ஸில் ஏற்றுவதெல்லாம் பெரிய கோலம். அதை விடுங்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் பையில் என்ன இருக்கிறது? அதை மட்டும் நாலு வரி எழுதுங்கள். பஸ் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

மருந்துக்கடைக்காரன்:

ஐயா, நேற்று ஷட்டரை இறக்கிவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதியது. தளை, அதாவது சீருக்குச் சீர் பொருத்தம், சரியா என்று விரல்விட்டுப் பார்த்தேன். ‘இடையே’ என்ற தனிச்சொல்லுக்குத்தான் பாதி நேரம் போனது. எதுகைக்கு ‘உடையே, குடையே, சடையே’ என்று முனகிக்கொண்டிருந்ததைப் பார்த்து வாட்ச்மேன் தாத்தா, ‘உடம்பு சரியில்லையா’ என்று கேட்டார்.

கடையடைத்துப் போனபின் காற்றும் அடங்க
நடைதளர்ந்த நாயும் உறங்க — இடையே
ஒருவரிடமும் சொல்லாமல் ஓரமாய் நிற்கும்
தெருவிளக்கின் கீழே நிழல்

அக்கா, பையையும் திறந்து பார்த்தேன். ஈயக்கம்பிச் சுருள், ஒரு டெஸ்டர், மாற்று வேட்டி, மர்ஃபி ரேடியோவின் குமிழ் ஒன்று. குமிழை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறார் என்று எனக்கே தெரியவில்லை. யார் வீட்டு ரேடியோவுடையது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பத்தியில் இன்னும் கை வைக்கவில்லை.

ஓய்வு வாத்தியார்:

பலே. ஓர் இடம்தான் உதைக்கிறது. மூன்றாம் அடியில் ‘ஒருவரிடமும்’ என்பதை அலகிட்டால் ஒரு, வரி, டமும் என மூன்றும் நிரை. கருவிளங்கனி. வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை. ‘ஒருவருக்கும்’ ஆக்கிவிடுங்கள், காய்ச்சீராகிவிடும், பொருளும் கெடாது. ‘ஓரமாய்’க்கு மோனையும் அப்படியே நிற்கும்.

குமிழ் யாருடையது என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். அதற்குள் அடுத்த ஈற்றடி: ‘மூடிய பெட்டிக்குள் பாட்டு’. ஓடிய, தேடிய, வாடிய என்று எதுகை கொட்டிக் கிடக்கிறது. கோலமாவு அம்மாவும் ஒரு கை பார்க்கலாம்.