இஸ்திரிப் பெட்டியில் மீன் வேகுமா?

கேள்வி: ஏனுங்க, பவானிசாகர் கட்லாத் துண்டை ஃபாயில்ல சுத்தி இஸ்திரிப் பெட்டிக்கு அடியில வெச்சா வெந்துருமுங்களா? ஹாஸ்டல்ல அடுப்பு இல்லீங்க.

பதில் 1: விரல் தடிமன்னா நம்பாதீங்க. மேல கருகும், நடுவுல பச்சையா நிக்கும். சூடு ஏறினதும் தெர்மோஸ்டாட் கட் பண்ணிடும். நடுச்சதை 63 டிகிரி தொடணும். முள்ளை ஒட்டின சதை கண்ணாடியாட்டம் இருந்தா இன்னும் வேகலீங்க.

பதில் 2: புளி, எலுமிச்சை தடவினா ஃபாயில் நேரா மீன்மேல பட வேண்டாமுங்க, அலுமினியம் கரைஞ்சு மீன்ல இறங்கும். ஃபாயிலுக்கு உள்ள வாழையிலை வைங்க. சாறு நீராவி ஓட்டைக்குள்ள போனா அப்புறம் சட்டையெல்லாம் கவுச்சிதான்!

பதில் 3: கெட்டிலும் ஆகாதுங்க. கொதிச்சதும் தானா அணைஞ்சுடும், மசாலா அடியில பிடிச்சுக் கருகும். ரைஸ் குக்கர் ஆவித்தட்டுல, தண்ணி கொதிச்சப்புறம் மெல்லிய துண்டுக்கு 12 நிமிஷம். சதை இதழ் இதழாப் பிரியணும்.