தெருவில் மழைநீர் வடிகால் வேலை, பலகையில் ஆசிய வளர்ச்சி வங்கி: இந்தக் கடனைக் கட்டப்போவது யார்?

மணலிவாசி:
வணக்கம். எங்கள் தெருவில் வடிகாலுக்குத் தோண்டியிருக்கிறார்கள், வண்டியை வெளியே எடுக்க ரெண்டு பலகை போட்டுச் சமாளிக்கிறேன். அது பரவாயில்லை. தெருமுனையில் வைத்திருக்கும் போர்டில் கொசஸ்தலையாறு வடிநிலம் (மழைநீர் அந்த ஆற்றுக்கு வடியும் பகுதி), ஆசிய வளர்ச்சி வங்கி நிதியுதவி என்று எழுதியிருக்கிறது. எதிர்வீட்டு அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, 2022-ல சொத்து வரிய ஏத்துனதே இந்தக் கடனை அடைக்கத்தான் என்று அடித்துச் சொல்கிறார். உண்மையா? சென்னை மாநகராட்சி நேரடியாக வாங்கிய கடனா இது? டாலர் ஏறினால் யார் தலையில் விழும்?

கணக்குப்பிள்ளை:
முதலில், நிதியுதவி என்ற சொல்லைப் பார்த்து யாரோ சும்மா கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கடன்தான். 2021-ல் ஒப்புக்கொண்ட 25.1 கோடி டாலர். ஆனால் கையெழுத்துப் போட்டது மாநகராட்சி இல்லை, இந்திய அரசு. டெல்லி வாங்கி, எந்த வட்டிக்கு, எந்தத் தவணைக்கு வாங்கியதோ அதே நிபந்தனையில் மாநிலத்துக்குத் தள்ளிவிடும், 2005 வாக்கில் இருந்து இதுதான் வழக்கம். அதனால் டாலர் ஏறினால் சுமை தமிழ்நாட்டு அரசு கஜானாவுக்கு. அப்புறம் ஒன்று, ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பணத்தை எடுக்காமல் வைத்திருந்தாலும், எடுக்காத தொகைக்கு வங்கி ஒரு சிறு கட்டணம் வாங்கும். வேலை இழுத்தால் அதுவும் செலவுதான்.

சொத்து வரி விஷயத்தில் அரசு அன்று சொன்ன காரணம் வேறு: மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமானால் வரியைத் திருத்த வேண்டும் என்பது. 25 முதல் 150 விழுக்காடு வரை ஏறியது மாநிலம் முழுக்க, கொசஸ்தலையாறு எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஊர்களிலும்தான். ஆனாலும் உங்கள் அண்ணனை முழுசாகத் தள்ளிவிட முடியாது. அதே 2021-ல் உலக வங்கி சென்னைக்கு 15 கோடி டாலர் ஒப்புக்கொண்டதே, குடிநீர், கழிவுநீர், பஸ், சுகாதாரம், குப்பை என்று, அதில் இந்தச் சேவைகளைத் தரும் அமைப்புகளின் நிதிநிலை சீராவதும் ஒரு குறிக்கோள். பேசி வைத்த இலக்கை எட்டினால்தான் தவணை வரும். நிதிநிலை சீராவது என்றால் நம்ம ஊர்ப் பேச்சில் என்ன, வரியும் கட்டணமும் ஒழுங்காக வசூலாவது!

அரும்பாக்கத்தான்:
இதெல்லாம் புதுசில்லை சார். 1977-லேயே மெட்ராஸுக்கு உலக வங்கிக் கடன் வந்தது, 2.4 கோடி டாலர். மெட்ராஸ் பெருநகர வளர்ச்சிக் குழுமம் போட்ட எங்கள் எம்எம்டிஏ காலனியே அதில் வந்ததுதான். வீடு கட்டித் தரவில்லை, மனை பிரித்து, ரோடு, தண்ணீர், சாக்கடை மட்டும் போட்டுக் கொடுத்தார்கள், அவரவர் வசதிக்கு ஏற்ப மேலே கட்டிக்கொண்டோம். அப்பா தவணை கட்டிய சீட்டெல்லாம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கடன் வாங்கியதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாங்கி எதில் போடுகிறார்கள் என்பதுதான் பேச்சு.

சைட்டில்_இருப்பவன்:
அரும்பாக்கத்தார் சொன்னதோடு ஒட்டி ஒன்று. டாலரை விடுங்கள் மணலிவாசி, உங்கள் தெரு வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள். இந்தத் திட்டத்தில் புதிதாக மட்டும் 588 கிலோமீட்டர் வடிகால். கொரட்டூர், கடப்பாக்கம் உபரிநீர்க் கால்வாய்களையும் சேர்த்ததற்குக் காரணம் அதுதான், போகும் இடம் தூர்ந்திருந்தால் தெருவில் நீங்கள் கட்டுவது நீளமான தொட்டி. கொட்டிவாக்கத்துக்குத் தெற்கே கடற்கரை மணல் பகுதியில் ஜெர்மன் வங்கிக் கடனில் வடிகால் போட வந்தபோது, இங்கே மழைத் தண்ணீர் தானாக மணலில் இறங்குகிறது, எதற்கு இது என்று மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். நியாயமான கேள்வி.

கடன் கொடுக்கும் வங்கியால் நமக்கு ஒரு லாபம் உண்டு: சுற்றுச்சூழல் அறிக்கை, மறுகுடியமர்வுத் திட்டம் எல்லாம் அவர்கள் இணையதளத்தில் கிடக்கும், புகார் வழியும் தனியாக உண்டு. படித்துவிட்டுக் கேட்டால் பதில் சொல்லும் தொனியே மாறும். வண்டல் பிடிக்கும் குழி எத்தனை அடிக்கு ஒன்று வைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், யார் இவர் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

மணலிவாசி:
நன்றி எல்லோருக்கும். இன்று காலை கேட்டேன். மேஸ்திரி வரைபடத்தை விரித்துக் காட்டினார், எங்கள் தெரு பெரிய வாய்க்காலில் சேர்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நடந்தே போய்ப் பார்க்கப் போகிறேன். இன்னொன்று, எதிர்வீட்டு அண்ணன் அதே மேஸ்திரியிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னவென்று பார்த்தால், மூடுவதற்குள் தன் வீட்டுப் பாத்ரூம் குழாயை வடிகாலில் சொருகிவிட முடியுமா என்று பேரம்.