ரப்பர் மோட்டார் முடிச்சுப் பக்கத்திலேயே அறுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். உள்ளரங்கில் பறக்கவிடும் சிறு மாதிரி விமானத்துக்கு ரப்பர் மோட்டார் (முறுக்கிவிட்டால் அவிழ்ந்து விசிறியைச் சுழற்றும் ரப்பர் வளையம்) தயார் செய்து பழகுகிறேன். விமானம் பரவாயில்லை, ரப்பர்தான் படுத்துகிறது.

நான் செய்வது இதுதான். டான் சூப்பர் ஸ்போர்ட் என்ற வகை ரப்பர் பட்டையை வெட்டி, மேலே ஒட்டியிருக்கும் பொடி போகச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வளையமாக முடிச்சுப் போடுகிறேன். அப்புறம் சிலிக்கான் எண்ணெய் லேசாகத் தடவி, நாலு மடங்கு நீளத்துக்கு இழுத்துச் சில நிமிடம் பிடித்துப் பழக்குகிறேன். முறுக்கும்போது ஐந்து மடங்கு இழுத்துவைத்து, பாதி முறுக்கு ஏறியதும் இழுப்பைத் தளர்த்தி மெல்ல மெல்ல முன்னால் வருகிறேன்.

இவ்வளவு செய்தும், கணக்குப் போட்ட முறுக்கில் முக்கால் பங்கு ஏறுவதற்குள் பட்டென்று அறுந்துவிடுகிறது. பெரும்பாலும் முடிச்சை ஒட்டித்தான். உலர்ந்த ரப்பரில் முடிச்சை இறுக்குவதால் உரசிக் கீறல் விழுகிறதோ என்று சந்தேகம். எச்சில் தொட்டு இறுக்கினால் போதுமா, இல்லை எண்ணெய் தடவிய பிறகுதான் முடிச்சே போட வேண்டுமா? எண்ணெய் பட்டால் முடிச்சு நழுவுமே என்று பயமாகவும் இருக்கிறது.

இன்னொன்று. ஒரே அகலம், ஒரே நீளம் என்று வெட்டிய துண்டுகளைத் தராசில் வைத்தால் எடை ஒன்றாக இல்லை. அதனால் அகலத்தை நம்பாமல் எடையைத்தான் இப்போது குறித்துவைக்கிறேன். நீங்களும் அப்படித்தானா?

முறுக்கை எண்ணி மட்டும் நிறுத்துகிறேன், முறுக்கு விசையை அளக்கும் டார்க் மீட்டர் என்னிடம் இல்லை. அது இல்லாமல் அறுவதற்கு முன் கையிலேயே கண்டுபிடிக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.