மெக்கவி அடித்த அந்தப் பந்து எது?

வலதுமூலை:

வணக்கம். நான் சான் ஹோசேயில் இருக்கிறேன், மூன்று வருடமாக சான் பிரான்சிஸ்கோவின் பேஸ்பால் அணியான ஜயண்ட்ஸின் ரசிகன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்குப் பேஸ்பால் எப்படிப் பிடிக்கிறது என்று ஊரில் கேட்கிறார்கள். பிடித்திருக்கிறது, அதுவும் ரொம்பவே. காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் நேற்றைய ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஸ்கோர் அட்டவணை, அப்புறம் நேராகக் காமிக்ஸ் பக்கம். இரண்டையும் முடித்த பிறகுதான் மற்ற செய்தி எல்லாம். சின்ன வயதில் அப்பா தினத்தந்தியைப் படித்துவிட்டுக் கையில் கொடுத்ததும் கன்னித்தீவு படக்கதையைத் தேடுவேன், அந்தப் பழக்கம் இங்கே வந்தும் விடவில்லை.

சரி, விஷயம் இதுதான். போன வாரம் நூலகத்திலிருந்து பீநட்ஸ் என்ற தினசரி காமிக்ஸின் தொகுப்பு ஒன்று எடுத்து வந்தேன். அதில் 1962 டிசம்பர் 22 அன்று வந்த படத்தில் அதன் நாயகன் சார்லி பிரவுனும் நண்பன் லைனஸும் தெரு ஓரத்தில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று கட்டங்களில் ஒரு வார்த்தை கிடையாது. நாலாவது கட்டத்தில் சார்லி பிரவுன் வானத்தைப் பார்த்துக் கத்துகிறான், மெக்கவி அந்தப் பந்தை இன்னும் மூன்றடி உயரமாக அடித்திருக்கக் கூடாதா என்று. அவ்வளவுதான், வேறு விளக்கம் எதுவும் இல்லை.

மெக்கவி பழைய ஜயண்ட்ஸ் ஆட்டக்காரர், பெயர் தெரியும், மைதானத்துக்கு வெளியே ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) பந்து போய் விழுகிற தண்ணீருக்கே அவர் பெயர்தான். ஆனால் எந்தப் பந்து அது? அக்டோபரில் முடிந்த சீசனுக்கு டிசம்பரில் ஏன் அழுகிறான்? இப்படிப் பேஸ்பால் வருகிற காமிக்ஸ் வேறு எதையெல்லாம் தேடிப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள். மகளுக்கு ஒன்பது வயது, சாஃப்ட்பால் ஆடத் தொடங்கியிருக்கிறாள், அவளோடு சேர்ந்து படிக்க ஆசை.

பழையபேப்பர்:

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 1962 உலகத் தொடர், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஏழு ஆட்டத் தொடர், ஜயண்ட்ஸும் நியூயார்க் யாங்கீஸும். மழையால் நாள்கணக்கில் தள்ளிப்போய், அக்டோபர் 16 அன்று கேண்டில்ஸ்டிக் பார்க்கில் ஏழாவது ஆட்டம், அதுதான் கடைசி. யாங்கீஸ் ஒன்று, ஜயண்ட்ஸ் சைபர். அந்த ஒரு ரன்னும் யாரும் பளிச்சென்று அடித்து வந்தது இல்லை, இரண்டு பேர் ஒரே பந்தில் அவுட் ஆகும்போது மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி எடுத்தது (நாலு பேஸையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன்).

ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி, ஜயண்ட்ஸ் அடிக்கிற முறை. மேட்டி அலூ பந்தை மெல்லத் தட்டிவிட்டு முதல் பேஸுக்குப் போய்விட்டார். அடுத்த இருவரும் ஸ்ட்ரைக் அவுட், இன்னும் ஒருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. அப்புறம் வில்லி மேஸ் வலது பக்கம் அடித்த பந்து வேலி வரைக்கும் ஓடியிருக்க வேண்டியது, ஆனால் மழையில் ஊறிய புல், யாங்கீஸின் ரோஜர் மாரிஸ் விரைந்து வந்து எடுத்து எறிந்துவிட்டார். அலூவை மூன்றாவது பேஸிலேயே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரியா தப்பா என்று பழைய ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் சரி, ஓடியிருந்தால் அவுட் ஆகி அங்கேயே ஆட்டம் முடிந்திருக்கும்.

இப்போது மூன்றில் அலூ, இரண்டில் மேஸ், அடிக்க வந்து நிற்கிறார் வில்லி மெக்கவி. ஒரு நல்ல அடி போதும், இருவரும் வந்துவிடுவார்கள், கோப்பை சான் பிரான்சிஸ்கோவுக்கு. பந்து போடும் பிட்சர் யாங்கீஸின் ரால்ஃப் டெர்ரி, இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி ஏழாவது ஆட்டத்தில் கடைசி ஹோம் ரன்னைக் கொடுத்துத் தோற்றவர். மெக்கவி அடித்தார், தோட்டா மாதிரி போயிற்று பந்து. நேராக இரண்டாவது பேஸ் ஆட்டக்காரர் பாபி ரிச்சர்ட்சன் கையுறைக்குள். அவர் பெரிதாக நகரக்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் உயரமாகப் போயிருந்தால் அவர் தலைக்கு மேலே போயிருக்கும்.

படம் வரைந்த சார்ல்ஸ் ஷுல்ஸ் மினசோட்டாக்காரர். அவர் கலிஃபோர்னியாவில் செபாஸ்டபோலுக்குக் குடிவந்தது 1958. ஜயண்ட்ஸ் அணி நியூயார்க்கை விட்டு சான் பிரான்சிஸ்கோ வந்ததும் அதே 1958. அந்த அணிக்குக் கோப்பை கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஷுல்ஸ் 2000 பிப்ரவரியிலேயே போய்விட்டார். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டு வருடங்களும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும்.

தொகுப்பின் அடுத்த பாகமும் கிடைத்தால் எடுங்கள். 1963 ஜனவரி 28 அன்றைய படத்தைப் பாருங்கள், இங்கே சொல்ல மாட்டேன்.

மழைநின்றஆட்டம்:

டிசம்பரில் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். தினசரிப் படங்களை வாரக்கணக்கில் முன்பே வரைந்து அனுப்பிவிட வேண்டும், அது ஒன்று. ஆனால் எனக்குத் தோன்றும் காரணம் வேறு. பேஸ்பாலில் ஏப்ரலிலிருந்து 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் ஒன்று, இன்று தோற்றால் நாளைக்கு வேறு ஆட்டம் இருக்கிறது என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அந்த நாளை இல்லை. கடைசியாகப் பார்த்த பந்து மட்டும்தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். தினசரி காமிக்ஸும் அதே மாதிரிதான், நாலு கட்டம், தோல்வி, மறுநாள் காலை திரும்ப ஆரம்பம். ஷுல்ஸ் உதவியாளர் யாரும் இல்லாமல் தன் கையால் 17,897 வரைந்தார். இந்த இரண்டும் ஒரே ஆளுக்குப் பிடிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மகளுக்கு சார்லி பிரவுன் அணியில் ஆடும் லூசியை அறிமுகப்படுத்துங்கள். வலது பக்கம் நின்று வருகிற பந்தை எல்லாம் கோட்டைவிடுவாள், ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருப்பாள். அதில் ஒன்று எனக்கு உயிர்: பந்து கைக்கு வரும் நேரத்தில் இதுவரை விட்ட பந்தெல்லாம் ஞாபகம் வந்துவிட்டதாம், பழசு வந்து கண்ணை மறைத்துவிட்டதாம். சாஃப்ட்பால் ஆடுகிற குழந்தைக்கு இது உடனே புரியும்.

நீங்கள் படிக்க வேண்டியது 1973 ஆகஸ்ட். ஹாங்க் ஆரன் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை நெருங்கிக்கொண்டிருந்த வருடம். ஒரு கறுப்பின ஆட்டக்காரர் அதைத் தாண்டக் கூடாது என்று அவருக்கு வெறுப்புக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. ஷுல்ஸ் அதே நேரத்தில் சார்லி பிரவுனின் நாய் ஸ்னூப்பியையும் அந்தச் சாதனைக்கு ஒரு ஹோம் ரன் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார், அந்த நாய்க்கும் வசைக் கடிதம் வருகிறது. சிரிப்புப் படத்துக்குள் இவ்வளவு துணிச்சலாக, ஒரு வார்த்தை பிரசங்கம் பண்ணாமல் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கடைசியில் ஸ்னூப்பி அடிக்க நிற்கும்போது பேஸில் இருந்த சார்லி பிரவுன் அவுட் ஆகிவிடுவான், அதோடு ஸ்னூப்பியின் வாய்ப்பும் போய்விடும், பாவம். ஆரன் அந்த சீசனை 713இல் முடித்து, குளிர்காலம் முழுக்கக் காத்திருந்து, 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் 715ஐ அடித்தார்.

இரண்டாம்கட்டம்:

பீநட்ஸ் மட்டும் போதாது, கால்வின் என்ற சிறுவனும் அவன் பொம்மைப் புலி ஹாப்ஸும் வருகிற கால்வின் அண்ட் ஹாப்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990இல் ஒரு தொடர் வந்தது. மற்ற பையன்கள் எல்லாம் இடைவேளையில் பேஸ்பால் ஆடப் பெயர் கொடுத்துவிட்டார்கள், கேலி தாங்காமல் கால்வினும் கொடுக்கிறான். தூரத்தில் தனியாக நிற்கிறவனுக்குப் பக்கம் மாறியதே தெரியவில்லை, தன் அணிக்காரன் அடித்த பந்தையே பிடித்து அவுட் ஆக்கிவிடுகிறான். எல்லோரும் கத்துகிறார்கள், அவன் விலகுகிறான், அதற்கும் திட்டு. வீட்டுக்கு வந்து ஹாப்ஸோடு விதியே இல்லாத கால்வின்பால் ஆடுகிறான். அந்த ஆட்டம் முதலில் வருவது இங்கேதான். குழந்தையை ஏதாவது ஒரு அணியில் சேர்த்திருக்கும் எந்த அப்பா அம்மாவும் படிக்க வேண்டியது.

இன்னொரு தகவல், உங்கள் பகுதி என்பதால். மட் அண்ட் ஜெஃப் என்ற புகழ்பெற்ற தொடர் 1907 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையில்தான் ஆரம்பித்தது, அதுவும் விளையாட்டுப் பக்கத்தில். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவனைப் பற்றிய படம். ஆகவே ஸ்கோரும் காமிக்ஸும் உங்களுக்கு ஒரே மூச்சில் வேண்டியிருப்பது அந்த ஊருக்குப் பழைய சங்கதி.

பழையபேப்பர்:

1993 மார்ச் 30ஐ மறந்துவிட்டோமே! நாற்பது வருடத்துக்கும் மேலாகத் தோற்ற சார்லி பிரவுன் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஜெயிக்கிறான். வீட்டுக்கு ஓடிவந்து தங்கையிடம் சொல்கிறான், அவள் நம்பவே மாட்டேன் என்கிறாள். அவனுக்குப் பந்து போட்டவள் ராயன் என்ற பெண், வேண்டுமென்றே அடிக்கவிட்டேன் என்று பிற்பாடு சொல்லுவாள். அந்தப் பகுதியை மகளுக்கு இப்போதைக்குக் காட்டாதீர்கள்.

மழைநின்றஆட்டம்:

இல்லை, காட்டுங்கள். ஒன்பது வயதுக்கு அது புரியும், ராயன் பக்கம் நின்று யோசிக்கக்கூடச் செய்வாள்.

வலதுமூலை:

மூன்று பேருக்கும் நன்றி. அடுத்த பாகமும் நூலகத்தில் இருந்தது. ஜனவரி 28ஐத் திறந்தேன். அதே தெரு ஓரம், அதே இரண்டு பேர், அதே மூன்று மௌனக் கட்டங்கள். நாலாவதில் அவன் கத்துகிறான்: இரண்டடியாவது உயரமாக அடித்திருக்கக் கூடாதா!

மூன்றடி கேட்டவன் ஒரு மாதம் கழித்து இரண்டடிக்கு இறங்கி வந்திருக்கிறான். அடுக்களையில் நின்று சிரித்தேன், மகள் ஓடிவந்து என்ன என்று கேட்டாள், இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, பிப்ரவரியில் ஒரு அடி கேட்பானா?" என்றாள். இப்போது பிப்ரவரிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.