சத்தமாகக் கேட்டால் தூரம், மெல்லக் கேட்டால் பக்கம்: பேய்க்கதை ஒலிநூல் கேட்டவர்கள் உங்கள் அனுபவத்தைப் போடுங்கள்

குலை லோரி:

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மில்லில் வரிசை நீளமாக இருந்தால் வீடு திரும்ப இரவு பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும், ரேடியோ பாட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் தாலாட்டாகிவிடுகிறது, அதனால் போன மாதம் ஒரு பேய்ச் சிறுகதை ஒலிநூல் வாங்கினேன். 14 கதைகள், ஏறக்குறைய ஏழு மணி நேரம், நம்ம தோட்டத்துக் கதையும் தமிழ்நாட்டுக் கதையும் கலந்து இருக்கும். பெயர் வேண்டாம், கேட்டவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

ஒன்பதாவது கதை பொந்தியானாக், பிரசவத்தில் செத்த பெண் பேயாக வருவது என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களே, அதுதான். லிந்தாங் சாலையில் குலையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வருகிறேன். கதையில் ஒருவன் மோட்டாரில் தோட்டத்து மண்சாலையில் போகிறான், எங்கோ குழந்தை அழுகிறது. முதலில் நன்றாகவே கேட்கிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, வாசிக்கிற அம்மாவும் கூடவே குரலைத் தாழ்த்திக்கொண்டு போகிறார். லோரி இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்போதுதான் பாட்டி சொன்னது ஞாபகம் வந்தது: அது அழுவது சத்தமாகக் கேட்டால் தூரத்தில் இருக்கிறது, மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டது. மலாய்க்காரர்கள் சொல்வதும் இதேதான். கை அந்தப் பொத்தானிலேயே நின்றுவிட்டது. இத்தனைக்கும் பேய் என்ற சொல் அதுவரை கதையில் வரவே இல்லை. பக்கத்து சீட்டில் என் சோற்று டப்பாவும் மழைக்கோட்டும்தான் கிடந்தன, ஆனாலும் டவுன் விளக்கு தெரிகிற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பாமல்தான் ஓட்டினேன்.

இவ்வளவு அழகாகச் செய்தவர்களே அடுத்த கதையைப் போட்டு உடைத்திருக்கிறார்கள். பத்தாவது கதையிலும் பொந்தியானாக்தான், ஆனால் ஆள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு காது கிழிய அலறுகிறது. அப்படியென்றால் அது தூரத்தில், ஈப்போவில் அல்லவா இருக்க வேண்டும்! ஒவ்வொரு கதைக்கும் முன்னால் அதே முன்னிசை, முக்கால் நிமிடம், 14 தடவை. ஓநாய் ஊளை வேறு. மலேசியாவில் ஓநாய்க்கு எங்கே போவது, நம்ம லயத்து வீட்டு நாய் ஊளையிட்டாலே போதாதா?

வெட்டுக்காட்டு மகள்:

அண்ணே, நான் இதை அம்மாவோடு அடுப்படியில் கேட்டேன். அம்மா முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். மூன்றாவது கதையில் ஒரு பெண் நள்ளிரவில் தனியாகப் பால் வெட்டுகிறாள் அல்லவா, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, “நடுச்சாமத்துல எவடி வெட்டப் போறா?” என்றார். விடியற்காலையில் பெரட்டு, பேர் கூப்பிடுவார்கள், அதன் பிறகுதான் காட்டுக்குள் போவது. வெயில் ஏறுவதற்கு முன்னால், மரம் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், அதற்காகத்தான் அந்த இருட்டில் போகிறார்கள். பேயைக் கொண்டுவர நேரத்தை மாற்ற வேண்டியதே இல்லை, ஐந்து மணி இருட்டு என்ன குறைச்சல் என்கிறார்.

வாசிப்பவர் சென்னைக்காரர் போல. குரலைக் குறை சொல்ல முடியாது, கிழவி பேசுகிற இடத்தில் வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்குவதைக் கேட்டு அம்மாவே நிமிர்ந்து பார்த்தார். ஆனால் தோட்டத்துக் கணக்கர் கிராணியைக் ‘கிரானி’ என்கிறார், ஏதோ வெள்ளைக்காரப் பாட்டி செக்ரோல் பேரேட்டில் கையெழுத்துப் போட்ட மாதிரி. எழுதியவருக்குத் தோட்டம் தெரிந்திருக்கிறது, வாசிப்பவருக்குத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கதை முடிந்ததும் அம்மா தன் கதையை ஆரம்பித்தார். தலை விளக்கு வெளிச்சம் மரத்தில் ஒரு தட்டு அளவுக்குத்தான் விழும். அந்த வட்டத்துக்குள் கத்தி இழுப்பது, பட்டை சுருண்டு விழுவது, பால் வெள்ளைக் கோடாக இறங்கி மங்கில் சொட்டுவது, அவ்வளவுதான் தெரியும். பக்கத்து நிரையில் இன்னொரு விளக்கு மரம் மரமாக நகர்ந்து வருகிறது, சரி, துணைக்கு ஆள் இருக்கிறது என்று அம்மாவும் வெட்டிக்கொண்டே போகிறார். ஏழெட்டு மரம் தாண்டின பிறகுதான் உறைத்திருக்கிறது, அந்த நிரைக்காரி அன்றைக்குப் பெரட்டுக்கே வரவில்லை. பேர் கூப்பிட்டபோது பதில் இல்லை. இதைச் சொல்ல அம்மாவுக்கு இரண்டு நிமிடம் ஆனது, மூன்றாவது கதைக்கு 31 நிமிடம்.

இரவுக் காவல்:

ஆந்தையை விட்டுவிட்டீர்களே. நூல் முழுக்க ‘ஹூ ஹூ’ என்று ஓர் ஆந்தை கத்திக்கொண்டே இருக்கிறது. செம்பனைக் காட்டில் எலியைப் பிடிக்கக் கம்பத்தில் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே கூகை, அது ‘ஹூ’ என்றா கத்துகிறது? துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு கிறீச். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது தலைக்கு மேல் கத்தி, டார்ச்சை வாய்க்காலில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன், எங்கள் மேற்பார்வையாளர் மண்டோர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த ஒரு சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருந்தால் ஓநாயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

பினாங்கு ஷிப்ட்:

எல்லாரும் இசையைத் திட்டுகிறீர்கள், எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பேக்டரி பஸ்ஸில் கேட்கிறேன், பக்கத்தில் இருப்பவர் குறட்டைக்கு நடுவில் இசை வந்தால்தான் ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிகிறது. ஒன்பதாவது கதை ஆஹா ஓஹோ என்கிறீர்கள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. 1.5 வேகத்தில் வைத்துப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

குலை லோரி:

தம்பி, செயலியில் இடைவெளியைத் தாவும் வசதி என்று ஒன்று இருக்கும், அது போட்டிருக்கிறதா பார்.

பினாங்கு ஷிப்ட்:

ஆமாண்ணே, போட்டுத்தான் இருக்கிறது. சே.

பழைய லயம்:

நான் பதினோராவது கதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சயாம் மரண ரயில் கதை. 1942, 43இல் ஜப்பான்காரன் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். எங்கள் தாத்தாவின் அண்ணன் போனவர், திரும்பி வரவில்லை. வீட்டில் அவர் படம்கூடக் கிடையாது.

கதையில் சண்டை முடிந்த பிறகு ஒரு கிழட்டுக் கங்காணி பெரட்டுக் களத்தில் பழைய பேரேட்டைத் திறந்து பேர் கூப்பிடுகிறார். ஒரு பேர், அப்புறம் இடைவெளி. இன்னொரு பேர், இடைவெளி. இசை இல்லை, குரலில் அழுகை இல்லை, ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி. புத்தகத்தில் படித்திருந்தால் கண் அந்தப் பேர் வரிசையைத் தாண்டிப் போயிருக்கும், காதால் தாண்ட முடியவில்லை, ஒவ்வொரு பேருக்கும் யாராவது ‘ஐயா’ என்று சொல்லமாட்டார்களா என்று நானே காத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நிமிடத்துக்காகவே கொடுத்த காசு சரியாகிவிட்டது. அதோடு முடித்திருக்கலாம். பேய் ரயில் ஒன்று கூவென்று வந்து நிற்கிறது, அதிலிருந்து எலும்புக்கூடுகள் இறங்குகின்றன, எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்களை ஏனப்பா பேயாக்குகிறீர்கள்?

குலை லோரி:

ஐயா, நான் கூவென்ற சத்தத்தில் பயந்துபோய் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தியவன். பேர் கூப்பிடுகிற இடத்தை இன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பக் கேட்கிறேன். மற்றவர்களுக்கு: ஒன்பதும் பதினொன்றும் கட்டாயம் கேளுங்கள், மூன்றாவதை அம்மா மாதிரி யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தமிழ்நாட்டுக் கதைகளில் புளியமரக் கதை ஒன்று பரவாயில்லை. பங்களாக் கதைகள் நான்கையும் தாவிவிடலாம், நான்கும் ஒரே பங்களா, ஒரே கதவு, ஒரே கிறீச். கூகைக்குக் கொடுத்திருக்க வேண்டிய கிறீச்.

வெட்டுக்காட்டு மகள், அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள், அந்த விளக்கு கடைசியில் எந்தப் பக்கம் போனது?

வெட்டுக்காட்டு மகள்:

கேட்டேன் அண்ணே. “பால் எடுக்க நேரமாச்சு, அதை யார் பார்த்தா” என்கிறார்.