கணவனுக்கு 56, மனைவிக்கு 42: இந்தியாவிலிருந்து தத்து எடுக்க முடியுமா, முடியாதா?

கோப்புக்காரன்:
நியூஜெர்சியில் குடியுரிமை வாங்கி இருக்கும் தமிழ்த் தம்பதி. கணவருக்கு 56, மனைவிக்கு 42, குழந்தை இல்லை. தத்து பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே ஒருவர் எழுதிய பதில்: "55 தாண்டிவிட்டால் காரா உள்ளேயே விடாது, வேறு வேலையைப் பாருங்கள்." காரா என்பது இந்தியாவில் தத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு. அந்தப் பதில் தப்பு. நம்பிக்கையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற தப்பு என்பதால்தான் தனியாக எழுதுகிறேன்.

2022 தத்து விதிமுறைகள் தம்பதியின் வயதைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, கூட்டித்தான் பார்க்கின்றன. 2 வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டு வயது 85க்குள் இருக்கணும். 2 முதல் 4 என்றால் 90, 4 முதல் 8 என்றால் 100, 8 முதல் 18 என்றால் 110. 56ஐயும் 42ஐயும் கூட்டினால் 98. அதனால் 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு இவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

வைகைக்கரை:
அந்தப் பதிலை எழுதியவன் நான்தான். பேர் சொல்லியே கேட்டிருக்கலாம், ஒளிந்து கேட்க வேண்டியதில்லை. 55 என்கிற எண் விதியில் இருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

கோப்புக்காரன்:
இருக்கிறது, தனியாளுக்கு. துணை இல்லாமல் ஒருவரே எடுத்தால் உச்ச வரம்பு, மேலே சொன்ன நான்கு குழந்தை வயதுப் பிரிவுக்கும் முறையே 40, 45, 50, 55. இவர்கள் தம்பதி. தனியாள் வரம்பைத் தூக்கித் தம்பதி மேல் போட்டது நீங்கள்.

வைகைக்கரை:
தனியாள் கணக்கை நான் சொல்லவே இல்லை. தம்பதியில் எவருக்கும் 55 தாண்டக் கூடாது என்று வழிகாட்டி நெறியிலேயே அச்சாகி இருந்தது. நானாகக் கற்பனை செய்யவில்லை.

கோப்புக்காரன்:
அது 2011 வழிகாட்டி நெறி. அதில் 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குக் கூட்டு வயது 105, ஒவ்வொருவருக்கும் 55க்குள். 3 வயது வரை என்றால் 90, ஒவ்வொருவருக்கும் 50க்குள். அந்த நெறி போய்ப் பல வருஷம் ஆகிறது. 2017 விதிமுறையிலேயே தம்பதிக்குத் தனிநபர் உச்ச வரம்பு கிடையாது, 2022லும் கிடையாது. இருவருக்கும் குழந்தைக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் இருக்கணும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் அந்தத் தம்பதிக்குச் சொல்லணும். ஒரு வருஷம் போனால் கூட்டு வயதில் இரண்டு கூடும். இப்போது 98. அடுத்த வருஷம் 100, அதுவும் வரம்புக்குள்தான். அதற்கடுத்த வருஷம் 102, அப்போது 8 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். கணக்கில் வருவது பதிவு நாளன்று இருக்கும் வயது. வெளிநாட்டில் இருப்பவர் ஏஜென்சிக்குப் போன் செய்த நாள் பதிவு நாள் ஆகாது. ஏஜென்சி ஹோம் ஸ்டடியை, அதாவது வீட்டையும் குடும்பத்தையும் பற்றிய ஆய்வை, முடித்து, அறிக்கையையும் ஆவணங்களையும் காராவின் கேரிங்ஸ் இணையத்தளத்தில் ஏற்றினால்தான் வரிசையில் இடம் கிடைக்கும். ஹோம் ஸ்டடி இழுத்தால் பாதிப்பு இவர்களுக்குத்தான்.

நாணல்:
கோப்புக்காரன் அண்ணே, ஒரு சந்தேகம். சென்னையில் இருக்கிற அம்மா வீட்டு முகவரியைக் கொடுத்து உள்நாட்டுப் பெற்றோர் மாதிரிப் பதிவு செய்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்களே?

கோப்புக்காரன்:
செய்யவே கூடாது. வசிப்பது நியூஜெர்சி என்றால் அமெரிக்க அங்கீகாரமும் காரா அனுமதியும் உள்ள ஏஜென்சி வழியாகத்தான் போகணும். பொய் முகவரியில் பதிவாகி குழந்தை ஒதுக்கப்பட்டாலும் கடைசியில் விசாவில் சிக்கும். அமெரிக்கப் பக்கம் முதலில் ஐ-800ஏ (பெற்றோரின் தகுதிக்கான குடியேற்றப் படிவம்) ஒப்புதல், குழந்தை ஒதுக்கிய பிறகு ஐ-800 (அந்தக் குழந்தைக்கான படிவம்). இந்த வரிசை மாறக் கூடாது. ஐ-800க்கு முன்பே தத்து ஆணை வாங்கிவிட்டால் அந்த ஆணையை ரத்து செய்யாமல் மேலே நகர முடியாது. ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதம்தான் செல்லும். நீட்டிக்க சப்ளிமென்ட் 3 படிவத்தை முன்கூட்டியே போடணும்.

துபாய்_தென்னவன்:
எல்லாரும் அமெரிக்காவையே பேசுங்கள். வளைகுடாவில் லட்சக்கணக்கான தமிழர்கள் இருக்கிறோம், எங்களுக்கு ஏஜென்சியே கிடையாது.

கோப்புக்காரன்:
தம்பி, ஏஜென்சியோ தத்துக்கான மத்திய ஆணையமோ இல்லாத நாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. வயதுக் கணக்கு உங்களுக்கும் இதேதான், கூட்டு வயது.

வைகைக்கரை:
பேச்சை மாற்றியாச்சு. ஐ-800, துபாய், தூதரகம். நான் கேட்டது 55. அந்த 56 வயதுக்காரருக்குக் கைக்குழந்தை கிடைக்குமா?

கோப்புக்காரன்:
கிடைக்காது. 98 என்பது 85ஐயும் தாண்டுகிறது, 90ஐயும் தாண்டுகிறது.

வைகைக்கரை:
அதைத்தானே நான் சொன்னேன்! கிடைக்காது என்று.

கோப்புக்காரன்:
நீங்கள் சொன்னது "காரா உள்ளேயே விடாது". கைக்குழந்தை என்ற சொல் உங்கள் பதிலில் எங்கேயும் இல்லை. மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

மல்லிகா_திருச்சி:
இரண்டு பேரும் 55ஐக் கட்டிக்கொண்டு அழுங்கள். சொந்தத்தில் எடுத்தால் வயது வரம்பே கிடையாது. அந்தப் பெண்ணின் சித்தப்பா பேத்தி யாராவது இருந்தால் பத்திரம் எழுதி அழைத்துப் போக வேண்டியதுதானே? இவ்வளவு கோப்பு எதற்கு?

கோப்புக்காரன்:
மல்லிகா மேடம், பாதிதான் சரி. உறவினர் தத்துக்கு வயது வரம்பு பொருந்தாது என்பது உண்மை. ஆனால் சிறார் நீதிச் சட்டத்தில் உறவினர் யார் என்று வரையறுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு நீங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி என்று ஆகணும். சித்தப்பா பேத்தி அந்தப் பெண்ணுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பின் மகள். நம் வீட்டில் அவளும் சொந்தம்தான், சட்டத்தில் இல்லை. பத்திரம் மட்டும் எழுதினால் காராவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) வராது, விசாவும் வராது.

மல்லிகா_திருச்சி:
1956 இந்து தத்துச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் காரா அதற்கு மேலே இல்லை.

கோப்புக்காரன்:
சட்டம் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போக என்ஓசி வேண்டும் என்பதுதான் பேச்சு. நாடு விட்டு நாடு தத்து எடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2003இல்.

வைகைக்கரை:
பார்த்தீர்களா, இவர் யாரையும் பேச விட மாட்டார். சீனாவைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான்.

கோப்புக்காரன்:
நீங்களே அதை எடுத்தது நல்லது. சீனா இன்னும் வெளிநாட்டவருக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுக்கிறது என்று அடித்துச் சொன்னது நீங்கள். சொந்தக்காரர்களுக்கும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தைக்கும் தவிர வெளிநாட்டவருக்குக் கொடுப்பதைச் சீனா 2024லேயே நிறுத்தியது. அன்றைக்கும் நீங்கள் திருத்தவில்லை.

நாணல்:
அண்ணே, சண்டையை விடுங்கள். குழந்தை ஒதுக்கிய பிறகு என்ன நடக்கும்?

கோப்புக்காரன்:
96 மணி நேரத்துக்குள் ஒதுக்கீட்டை உறுதி செய்யணும். பிறகு 30 நாளுக்குள் குழந்தையின் ஆய்வறிக்கையையும் மருத்துவ அறிக்கையையும் படித்துக் கையெழுத்திடணும். அந்த 30 நாளில் மருத்துவ அறிக்கையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 5, 6 வயதுக் குழந்தைக்குப் பேச்சு, காது கேட்கும் திறன், தடுப்பூசி எல்லாவற்றையும் கேட்கணும். பிறகு என்ஓசி. அடுத்தது தத்து ஆணை. 2022 செப்டம்பரிலிருந்து அதைக் கொடுப்பது கோர்ட் அல்ல, கலெக்டர். அதன் பின் பாஸ்போர்ட், ஹேக் 23ஆம் பிரிவுச் சான்று (தத்து உடன்படிக்கைப்படி நடந்தது என்ற சான்று), விசா. ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வருஷம் அறிக்கை போகணும். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று.

நம் ஆட்கள் மாட்டுவது இனிஷியலில். கல்யாணச் சான்றில் "கே." என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுதாக விரிந்து நிற்கும். ஆவணம் திரும்பி வந்துவிடும். ஹோம் ஸ்டடி தொடங்கும் முன்பே பெயர் உறுதிமொழிப் பத்திரத்தைத் தயாராக வைத்திருங்கள்.

துபாய்_தென்னவன்:
தூதரகத்தில் எந்தப் பிரிவு என்று சொல்லாமலே தாண்டிப் போய்விட்டீர்கள்.

வைகைக்கரை:
இவ்வளவு எழுதியும் 55 விதியில் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டாச்சு. மேலே இரண்டாவது பதிலில் இருக்கிறது. எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்புக்காரன்:
தனியாளுக்கு. தனியாளுக்கு 55. தம்பதிக்குக் கூட்டு வயது.

வைகைக்கரை:
55.