இருமல் சிரப் குடிச்சதும் பிள்ளை தூங்கிடுது, இருமல் போயிடுச்சா? உங்க அனுபவம் சொல்லுங்க

பாபநாசம் அம்மா:
எங்க பக்கம் சம்பா அறுவடை ஆரம்பிச்சாச்சு. மெஷின் ஓடினா பதரும் தூசியும் கூடம் வரைக்கும் வருது, விடியக்காலம் பனி வேற. அஞ்சு வயசுப் பயலுக்கு மூக்கு ஒழுகல், படுத்தா இருமல். டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். ஊருக்கு வந்திருந்த நாத்தனார், "எங்க பாப்பாவுக்கு இதுதான் கேக்கும்"னு பையிலேருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தாங்க. ரெண்டையும் டியூப் லைட்டுக்குக் கீழ வெச்சுப் பார்த்தேன். பேர் வேற, கம்பெனி வேற, ஒண்ணு ஆரஞ்சு, ஒண்ணு சிவப்பு. பின்னாடி பொடி எழுத்துல ரெண்டுலயும் குளோர்பெனிரமின் மேலியேட்ங்கிற ஒரே தூக்கம் வர்ற மருந்து. சிவப்புல பாராசிட்டமாலும் இருக்கு. காய்ச்சலுக்கு அதே பாராசிட்டமால் தனியா வேற போய்க்கிட்டிருந்துச்சு! வேண்டாம்னதுக்கு நாத்தனார் ரெண்டு நாள் பேசல, அது தனிக் கதை. உங்க வீடுகள்ல எப்படி?

மன்னார்குடி மெடிக்கல்:
கவுன்டர்ல நிக்கிறவன் நான். "தம்பி, புள்ள நல்லா தூங்குற மாதிரி ஒரு சளி மருந்து குடு"ன்னுதான் கேப்பாங்க. பகல் பூரா வயல்ல நின்னவங்க, ராத்திரி கண்ணசர வேண்டாமா? குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் தூக்கம் பக்கவிளைவு. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் எல்லாம் பழைய காலத்து ஆன்ட்டிஹிஸ்டமின், அதாவது அலர்ஜி மருந்து, மூளை வரைக்கும் போய் மந்தமாக்கும். சாதாரண சளியில வர்ற இருமலுக்கு அதால பெரிய பிரயோஜனம் இல்லை. புரோமெத்தசின் 2 வயசுக்குக் கீழ தொடவே கூடாது, மூச்சையே அமுக்கிடும்.

எனக்குப் பெரிய பயம் டிராப்ஸ்தான். பல சிரப்புல 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் குளோர்பெனிரமின் இருக்கும். சில டிராப்ஸ்ல 1 மில்லியிலேயே அதே 2 மில்லிகிராம். சிரப் மூடியில டிராப்ஸை ஊத்தி 5 மில்லி கொடுத்தா அஞ்சு மடங்கு உள்ளே போயிடும். பாலாடை, சமையல் ஸ்பூன் எதுவும் அளவு ஆகாது. அந்த டப்பாவுல வந்த மூடியோ டிராப்பரோ மட்டும்தான்.

குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்குச் சேர்க்கிற பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு லேபிள்ல அச்சடிக்கச் சொல்லி 2023 டிசம்பர்லயே மத்திய அரசு உத்தரவு வந்தாச்சு. 2025 அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துக் குழந்தைங்க சாவுக்கு அப்புறம், 2 வயசுக்குக் கீழ இருமல், சளி மருந்தே வேண்டாம், 5 வயசுக்குக் கீழயும் பொதுவா தேவையில்லைன்னு இன்னொரு அறிவுரை. அங்கே குழந்தைங்களைக் கொன்னது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான சிரப்புல கலந்திருந்த டைஎத்திலீன் கிளைகால்ங்கிற நஞ்சு. அது வேற விவகாரம், இதோட குழப்பிக்காதீங்க. ஆனா பில் வாங்குங்க, பேட்ச் நம்பர் இல்லாட்டி எதையும் தேட முடியாது.

குடந்தை தாத்தா:
தூங்கும்னு சொல்லித்தான் பேத்திக்குக் கொடுத்தாங்க. ராத்திரி ஒரு மணிக்குக் கட்டில்ல குதிச்சுக்கிட்டிருந்தா! சில குழந்தைக்கு இந்த மருந்து இப்படித் தலைகீழா வேலை செய்யுமாம், மறுநாள் டாக்டர் சொன்னார்.

நாகை நர்ஸம்மா:
சிரிக்கிற மாதிரி முடிஞ்சா சந்தோஷம். போன பனிக்காலத்துல ஒரு பாட்டி ஒன்றரை வயசுக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாங்க. "சிரப் கொடுத்தேன், இருமல் நின்னுபோச்சு, அசந்து தூங்குது. பாலுக்குக்கூட எழுந்திரிக்கல, ஒரு தடவ பாத்துடும்மா". சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழ குழி விழுது. ஒரு நிமிஷம் முழுசா எண்ணினா 58. ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு 40 வந்தாலே வேகம்தான், ரெண்டு மாசம் முடிஞ்சு ஒரு வயசுக்குள்ளன்னா 50. உடனே 108. நல்லவேளை, பிழைச்சுக்கிச்சு. இருமல் சத்தம் கேக்கலைன்னு நிம்மதியாப் படுத்துடாதீங்க, நெஞ்சைப் பாருங்க. உதடு நீலமானாலோ, எழுப்பினா முழிக்கலைன்னாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீங்க.

தேன் ஒரு வயசு முடிஞ்ச பிறகு அரை ஸ்பூன் கொடுக்கலாம், படுக்கப் போறப்போ கொடுத்தா இருமல் கொஞ்சம் தணியும். ஒரு வயசுக்குள்ள நாக்குல தடவக்கூட வேண்டாம். கைக்குழந்தைக்குச் சூடத்தைத் தேங்காய் எண்ணெயில குழைச்சு நெஞ்சுல தேய்க்கிறதையும் விட்டுடுங்க, அது வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும்.

திருவாரூர் அப்பா:
செட்டிரிசின் பரவாயில்லையா? எங்க டாக்டர் அதைத்தான் எழுதினார்.

மன்னார்குடி மெடிக்கல்:
தும்மல், மூக்குல அரிப்பு, தோல்ல தடிப்புன்னு அலர்ஜி இருந்தா அது சரியான மருந்து, தூக்கமும் குறைவு. உங்க பிள்ளைக்கு அறுவடைத் தூசி ஒத்துக்கலைன்னு பார்த்து எழுதியிருப்பார். எழுதின அளவு, எழுதின நாள், அவ்வளவுதான். அண்ணன் பிள்ளைக்கு எழுதினதைத் தம்பி பிள்ளைக்குக் கொடுக்காதீங்க. போன வருஷத்து மீதி பாட்டில் ஃபிரிட்ஜ் கதவுல நிக்குதா? அதைத் தூக்கிப் போட்டுடுங்க.